பாப்பாயி உலக்கையைத் தொடவில்லை

போன வாரம் உங்களில் இரண்டு பேர் பழைய அலமாரியைக் காலி செய்யும்போது புகைக்கரி ஏற்றிய ஒரு பதிவுத்தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தீர்கள். ஓரமெல்லாம் உதிர்ந்து அப்பளம் மாதிரி ஆகியிருந்தது. நடுவில் ஊசி கீறிய கோடுகள். பக்கத்தில் "உரல் குத்து, பாப்பாயி" என்று ஒரு குறிப்பு. அதற்குக் கீழே, கரி படாத இடத்தில், நீல மையில், வேறு தேதியிட்டு, "பாப்பாயி உலக்கையைத் தொடவில்லை" என்று ஒரு வரி. அதன் அருகே ஒரு கைநாட்டு. நில அதிர்வை அளக்கிற அலுவலகத்தில் இது என்ன குடும்பச் சண்டை என்று விழுந்து விழுந்து சிரித்தீர்கள். சிரியுங்கள். இரண்டு குறிப்புகளும் என் கையெழுத்துதான். இத்தனை வருஷம் கழித்துப் பார்த்தபோது எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் அந்த நீல மை வரியை எழுதிய வாரத்தில் நான் சிரிக்கும் நிலையில் இல்லை. நான் முகமே பார்த்திராத ஒருவருடைய வேலை அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

யுத்தம் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பு நடந்தது இது. கொல்லிமலையில், பெரக்கரை நாடு என்கிற பகுதியில் ஒரு சிறு குடியிருப்பை ஒட்டி எங்கள் இலாகா ஒரு கருவி நிலையம் வைத்தது. ரயில் சத்தம் கிடையாது, வண்டி கிடையாது, அடியில் முழுப் பாறை. இதைவிட அமைதியான இடம் இல்லை என்று பட்டணத்தில் உட்கார்ந்து முடிவு செய்திருந்தார்கள். நான் காளப்பநாயக்கன்பட்டிப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளை. மலை ஏறி இறங்கப் பழகியவன் என்பதால் என்னையே அங்கே அனுப்பிவிட்டார்கள்.

அமைதி என்று அவர்கள் சொன்னதைக் கருவியை வைத்த மறுநாள் காலையிலேயே புரிந்துகொண்டேன். குடியிருப்புப் பெண்கள் சாமை குத்துவதற்குத் தனி உரல் வைத்துக்கொள்வதில்லை. பாறையிலேயே வரிசையாகக் குழி வெட்டியிருந்தார்கள். அதே பாறையின் மறுமுனையில்தான் எங்கள் கருவித்தூண். நான்கு பெண்கள் அங்கே உலக்கை போட்டால் இங்கே என் ஊசி பேயாட்டம் ஆடும். நம் பழைய கருவியின் குறையையும் சொல்லிவிடுகிறேன். அதன் ஊசல் ஒருமுறை தட்டப்பட்டால் சட்டென்று அடங்காது. உலக்கை நின்ற பிறகும் நெடுநேரம் அகல அகலமாக ஆடிக்கொண்டே இருக்கும். தூரத்து நில அதிர்வும் ஏறக்குறைய அதே மாதிரி அகலமான ஆட்டமாகத்தான் தாளில் தெரியும்.

முதல் ஆறு மாதம் தலையில் அடித்துக்கொண்டேன். பிறகு என்ன ஆயிற்று தெரியுமா? கெட்டிக்காரன் ஆகிவிட்டேன். தாளைப் பார்த்தே எத்தனை பேர் குத்தினார்கள், யார் குத்தினார்கள் என்று சொல்ல ஆரம்பித்தேன். எல்லாரையும்விட ஓங்கிக் குத்துகிறவர் பாப்பாயி. நாற்பது வயதிருக்கும், சொந்தமாக மிளகும் சாமையும் போடுகிறவர், வாயும் கையும் ஒரே வேகம். அவர் உலக்கை விழுந்தால் ஊசி தாளின் ஓரத்தைத் தொட்டுவிட்டு வரும்.

"ஏனுங்க ஊசிக்காரரே, நேத்து நான் எத்தனை குத்து குத்துனேன்னு உங்க ஊசி சொல்லுச்சுங்களா?" என்று கேட்பார்.

"நூத்துக்கு மேலக்கா. நடுவுல ரெண்டு தடவை நின்னு வம்பு பேசுனீங்க."

சுற்றி நிற்கும் பெண்கள் கைகொட்டிச் சிரிப்பார்கள். எங்கள் நிலையத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ஊசி ஊடு, அதாவது ஊசி வீடு. எனக்கு அந்தப் பெயர் பெருமையாகத்தான் இருந்தது. தினமும் காலையில் தாளைக் கழற்றி, புகைக்கரியின்மேல் சிறு குச்சியால் "உரல் குத்து, பாப்பாயி" என்றோ "உரல் குத்து, மூவர்" என்றோ கீறிவிட்டு, மேலே வார்னிஷ் ஊற்றிக் காயவைப்பேன். மாதக் கடைசியில், உரல் போக மீதியுள்ள நில அதிர்வுகளை மட்டும் பட்டியலாக்கி அனுப்புவேன்.

அந்தப் பட்டியலின் ஒரு பிரதி கிழக்குக் கரையில் ஒரு துறைமுகத்துக்கும் போகும். அங்கே அந்தோணி என்பவர் கடல் மட்டக் கருவியைக் கவனித்துவந்தார். கிணறு போன்ற ஒரு குழாயில் மிதவை கிடக்கும், கடல் ஏறி இறங்க அது ஏறி இறங்கும், பேனா அதைத் தாளில் வரையும். கடிகாரத் திருத்தம் கேட்டு அவர் ஒருமுறை எழுதினார், நான் பதில் எழுதினேன். அப்படியே தொற்றிக்கொண்டது. அவர் வலையில் நெத்திலி எவ்வளவு பட்டது என்று எழுதுவார், நான் மலை வாழைப்பழத்தைப் பற்றி எழுதுவேன். இரண்டு ஆண்டுக் கடிதப் பழக்கம். நேரில் பார்த்தால் அடையாளம் தெரியாது.

ஒரு நாள் பேளுக்குறிச்சிச் சந்தைக்கு அரிசி வாங்க இறங்கியிருந்தேன். அங்கே எனக்காக வைத்திருந்த தபால்களில் அந்தோணியின் கடிதம் இருந்தது. வழக்கமாக நாலு பக்கம் எழுதுகிறவர் அன்று ஒரு பக்கத்தில் முடித்திருந்தார்.

விஷயம் இதுதான். முந்திய மாதத்தில் ஒரு நாள் பிற்பகல் மூன்று மணி பதினேழு நிமிடத்துக்கு, அவருடைய பேனா சீப்புப் பல் மாதிரி மேலும் கீழும் நடுங்கத் தொடங்கியிருக்கிறது. கால் மணி நேரம் நடுங்கிவிட்டு நின்றுவிட்டது. கடலில் காற்றும் இல்லை, கப்பலும் இல்லை. அவர் பயந்துபோய்த் துறைமுகப் படிக்கட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்த பெண்களையெல்லாம் மேலே ஏறச் சொல்லியிருக்கிறார். ஒரு மணி நேரம் ஆகியும் ஒன்றும் நடக்கவில்லை. வந்த அலை இவ்வளவுதான் போலிருக்கிறது என்று அவரே நினைத்துவிட்டார். பெண்கள் அவரைக் கேலி செய்துவிட்டு மறுபடி இறங்கினார்கள். ஐந்தே கால் மணிக்குமேல் கடல் திடீரென்று உள்வாங்கி, பிறகு படிகளை மூழ்கடித்துக்கொண்டு ஏறியிருக்கிறது. நல்ல வேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கூடைகள் மட்டும் போயின. நனைந்த சேலையோடு எல்லாரும் கரையேறிவிட்டார்கள்.

எங்கள் இரண்டு பேருக்கும் மேலதிகாரி ஒருவர்தான். அவர் தாளைப் பார்த்தார். ஐந்தே காலுக்கு வந்த அலையை ஒத்துக்கொண்டார். மூன்று பதினேழின் சீப்புப் பல்லை ஒத்துக்கொள்ளவில்லை. அலை வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் தண்ணீர் எப்படி நடுங்கும்? தனக்கு முன்கூட்டியே தெரியும் என்று காட்டிக்கொள்ள, அந்தோணி பிறகு மிதவையை ஆட்டி வரைந்திருக்கிறார் என்பது அவர் முடிவு. பதிவில் பொய் வரைந்தவனுக்கு இலாகாவில் இடமில்லை என்று விளக்கம் கேட்டு உத்தரவு போட்டுவிட்டார். தூர தேசத்து நிலையங்களின் தாள்கள் வந்து சேரப் பல மாதம் ஆகும். மீன் கழுவிய பெண்களின் பேச்சை அதிகாரி சாட்சியாக எடுக்கவில்லை. கையில் இருந்த ஒரே சாட்சி என்னுடைய மாதப் பட்டியல். அதில் அந்த நாளில் நில அதிர்வு எதுவும் இல்லை.

கடைசியில் அந்தோணி எழுதியிருந்தார்: "உங்கள் பட்டியல் தப்பாக இருக்காது என்று எனக்குத் தெரியும். அப்படியானால் என் கருவிக்குத்தான் புத்தி கெட்டிருக்க வேண்டும். நான் மிதவையைத் தொடவில்லை. நீங்களாவது நம்புவீர்கள் என்று எழுதுகிறேன்."

அரிசியை வாங்காமலே மலை ஏறினேன். அது ஊரில் நோம்பி, அதாவது அம்மன் திருவிழா, நடந்த வாரம். அந்த நாளில் நான் பதிந்தது எது என்று எவ்வளவு யோசித்தும் உரல் குத்தைத் தவிர வேறு நினைவு வரவில்லை. குடியிருப்பின் குளக்கரைக்கு வந்தபோது பாப்பாயி படியில் உட்கார்ந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, சந்தைக்குப் போனவரு வெறுங்கையோட வாரீங்க? மூஞ்சியும் செத்துப் போயிருக்குது."

எரிச்சலில் இருந்தேன். விளையாட்டாகவும் இல்லாமல் சண்டையாகவும் இல்லாமல் சொன்னேன். "எல்லாம் உங்க உலக்கையாலதானக்கா. நோம்பியப்போ, காப்புக் கட்டுன மூணாம் நாளு மத்தியானம், அந்தக் குத்துக் குத்துனீங்களே."

பாப்பாயி எழுந்து நின்றுவிட்டார். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை.

"என்ன சொல்றீங்க? காப்புக் கட்டுனா எட்டு நாளைக்கு இந்த ஊருல ஆராச்சும் உலக்கையத் தொடுவாங்களா? ஊருல இருக்கற உலக்கையெல்லாம் ஒண்ணாக் கட்டி, வேப்பந்தழை சுத்தி, கோயிலுக் கொட்டாயில சாத்தி வெச்சிருந்ததுங்க. நீங்க தெனமும் அதத் தாண்டித்தான தண்ணிக்குப் போனீங்க?"

போனேன். என் கண்ணாலேயே அந்தக் கட்டைப் பார்த்தேன். வேப்பிலை வாடியிருப்பதைக்கூடப் பார்த்தேன். மறுநாள் காலையில் தாளில் அகலமான ஆட்டத்தைக் கண்டதும், யோசிக்காமல், பழக்க தோஷத்தில், "உரல் குத்து, பாப்பாயி" என்று கீறி வார்னிஷும் ஊற்றிவிட்டேன். என் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து அவ்வளவு வெட்கப்பட்டது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

"நீங்க எல்லாரும் அன்னிக்கு எங்கிருந்தீங்க?" என்று கேட்டேன்.

"இங்கதான். சாமிப் பானை வெளக்கிட்டிருந்தோம். ஒரு எலை அசையலீங்க. தண்ணி மட்டும் இந்தப் படியில இருந்து அந்தப் படிக்கு ஏறுச்சு. காயப்போட்டிருந்த என் மஞ்சத் துணி நனைஞ்சு போச்சு. எறங்குச்சு, மறுக்கா ஏறுச்சு. ஆத்தா வந்துட்டான்னு எல்லாருஞ் சேந்து குலவை போட்டோம். உங்க காதுல உழுகலீங்களா?"

விழுந்தது! நன்றாக விழுந்தது. கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அந்தக் குலவை வந்து என் எண்ணிக்கையைக் கெடுத்தது. கோபத்தில் தினக்குறிப்பில் எழுதிவைத்தேன். நிலையத்துக்கு ஓடினேன். பாப்பாயியும் பின்னாலேயே வந்தார். குறிப்பைப் புரட்டினேன். "பிற்பகல் மணி மூன்று, பதினெட்டு நிமிடம். குளக்கரையில் பெண்கள் கூச்சல். இந்த ஊரில் வேலை செய்ய முடியவில்லை."

அந்தோணியின் சீப்புப் பல் மூன்று பதினேழு. என் ஊர்க் குளம் மூன்று பதினெட்டு. தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உலக்கை என்றால் தொடக்கத்திலேயே ஊசி ஒரு துள்ளுத் துள்ளும். இது அப்படி இல்லை. மெல்ல நடுங்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் பெருகி, பிறகு அகலமாக ஆடியிருந்தது. தொடக்கத்தை ஒரு விநாடி பார்த்திருந்தால் போதும். பெரிய ஆட்டத்தைப் பார்த்த கண் சின்னத் தொடக்கத்தைப் பார்க்கவில்லை. இதைத்தான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன்.

கடலுக்கடியில் எங்கோ தூரத்தில் நிலம் பிளந்திருக்கிறது. அந்த அசைவு நிலத்தின் வழியாக வெகு வேகமாக வந்து, முதலில் கரையை அசைத்து, கரை தன்னை ஒட்டிய கடலை அசைத்து, பிறகு ஒரு நிமிடத்தில் மலையேறி எங்கள் குளத்தையும் அசைத்திருக்கிறது. கடலின் சொந்த அலை அதன் பிறகு ஆற அமரத் தண்ணீரில் வந்திருக்கிறது. அந்தோணி பார்த்த நடுக்கம் பொய்யும் இல்லை, வந்துபோன அலையும் இல்லை. பின்னால் அலை வரக்கூடும் என்பதற்கு நிலம் அனுப்பிய சேதி.

எனக்குச் சந்தோஷத்தில் துள்ளவேண்டும் போலிருந்தது. பாப்பாயிக்கு வேறு கவலை.

"அதுல என் பேரா எழுதியிருக்குது? காப்புல நான் உலக்கை போட்டேன்னு சர்க்காரு காயிதத்துலயா? ஊருக்குத் தெரிஞ்சா என்னாகும்? மொதல்ல அத அழிச்சுப்போடுங்க."

"வார்னிஷ் காஞ்சு போச்சக்கா. காயாம இருந்தாலும் அழிக்கக் கூடாது. எழுதுனது எழுதுனதுதான். தப்புன்னா கீழதான் எழுதோணும்."

"அப்பக் கீழ எழுதுங்க. பாப்பாயி உலக்கையத் தொடலைன்னு எழுதுங்க. எனக்குத் தெரியற மாதிரி பெருசா எழுதுங்க."

எழுதினேன். அவர் கைநாட்டும் வைத்தார். படிக்கத் தெரியாதவர் என்றாலும் ஒவ்வொரு எழுத்தாக என்னைச் சொல்லச் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டுதான் வைத்தார்.

அன்றே மேலதிகாரிக்கு எழுதினேன். தப்பு என்னுடையது, பட்டியலைத் திருத்தவேண்டும், அந்தோணி மேல் குற்றமில்லை என்று. இந்த நிலையமே வீண் செலவு என்று அவர் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு நானே ஆயுதம் எடுத்துக் கொடுக்கிறேன் என்று தெரிந்துதான் தபாலில் சேர்த்தேன்.

பதில் வரவில்லை. மூன்றாவது வாரம் ஆளே வந்துவிட்டார். மலைப்பாதையில் மூச்சிரைக்க ஏறிவந்த அவருக்குப் பின்னால் ஒல்லியாக, கறுப்பாக, கையில் ஒரு தகர டப்பாவோடு இன்னொருவர். "நாந்தாங்க அந்தோணி," என்றார். கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் என்று போனேன். அதிகாரியின் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டேன்.

"ரெண்டு வருஷமா ரெண்டு பேரும் கடுதாசி நண்பர்கள். நண்பனுக்கு வேலை போகப் போறதுன்னு தெரிஞ்சதும் உன் பட்டியல் மாறிடுத்து. நான் எதை நம்பணும்?" என்று கேட்டார்.

தாளைக் காட்டினேன். தினக்குறிப்பைக் காட்டினேன். பக்க எண் போட்ட குறிப்பேடு, நடுவில் எதையும் செருக முடியாது. அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தார். பிறகு பாப்பாயியைக் கூப்பிடச் சொன்னார். பாப்பாயி தனியாக வரவில்லை. குடியிருப்பே வந்தது, உலக்கைகளோடு.

"ஏனுங்க பெரியவரே, நான் சொல்றத அப்பறம் கேளுங்க. உலக்கை போட்டா அந்த ஊசி எப்படி ஆடும்னு மொதல்ல பாருங்க," என்றார் பாப்பாயி.

அதிகாரி வேண்டாம் என்று சொல்வதற்குள் நான்கு பேரும் குழிகளைச் சுற்றி நின்றுவிட்டார்கள். நான் புதுத் தாளை மாட்டினேன். உலக்கை விழுந்தது. அன்றைக்கு விழுந்தது மாதிரி என்றைக்கும் விழவில்லை. குழந்தைகள் தாளம் போட, மற்றவர்கள் குலவையிட, சாமைத் தவிடு பறந்து அதிகாரியின் கோட்டெல்லாம் படிந்தது. ஊசி முதல் குத்திலேயே தாளின் ஓரத்துக்குப் பாய்ந்தது.

தாளைக் கழற்றிப் பழைய தாளின் பக்கத்தில் வைத்தேன். அதிகாரி வெகுநேரம் இரண்டின் தொடக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அந்தோணியின் தாளை விரித்தார்.

"இது மூணு பதினேழு. உன்னுது மூணு பதினெட்டு. ஏன் ஒரு நிமிஷம் வித்தியாசம்?"

அந்தோணி என் முகத்தைப் பார்த்தார். "நிலம் பிளந்த இடத்துக்குக் கரைதான் பக்கம் சார். கரையை அசைச்சுட்டு, மலைக்கு வந்து சேர ஒரு நிமிஷம் பிடிச்சிருக்கும்," என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டே தாள்களைச் சுருட்டினார். "பொய் சொல்ல உக்காந்திருந்தா ரெண்டு பேரும் ஒரே நிமிஷத்தைத்தான் எழுதியிருப்பேள்," என்றார். பிறகு அந்தோணியிடம் திரும்பி, "உம்ம பேர்ல போட்ட உத்தரவைக் கிழிச்சுப் போடறேன். இனிமே அந்தச் சீப்புப் பல் தெரிஞ்சா, பொழுது சாயறவரைக்கும் ஒருத்தரையும் படியில இறங்க விடாதேயும். சிரிச்சா சிரிக்கட்டும்," என்றார்.

அந்தோணி அழுதுவிட்டார். நானும்தான். பாப்பாயி மட்டும், "அழுகறதுக்கு என்னுங்க இருக்குது, சோறு ஆறிப்போகுது," என்று எல்லாரையும் விரட்டினார். புதுச் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். அதிகாரி மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, கவனக்குறைவாகப் பதிவிட்டதாக என் பணிப் புத்தகத்தில் ஒரு கண்டனமும் எழுதினார். நியாயம்தான். நிலையத்தை மூடும் பேச்சை அவர் அதன் பிறகு எடுக்கவில்லை.

கிளம்பும்போது அந்தோணி தகர டப்பாவை என்னிடம் நீட்டினார். உள்ளே நெத்திலிக் கருவாடு. எனக்கென்று கொண்டுவந்தது. நான் அதை அப்படியே பாப்பாயி பக்கம் நகர்த்தினேன். அவர் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "வருசா வருசம் வருமுங்களா?" என்று கேட்டார்.

வந்தது. அடுத்த ஆண்டு வந்த முதல் பொட்டலம் சரியாகக் காப்புக் கட்டிய மறுநாள் வந்து சேர்ந்தது. ஊரே கவிச்சி தொடக் கூடாத வாரம். அதைக் கோயில் பக்கம் கொண்டுபோகக் கூடாது என்று பாப்பாயி என் நிலையத்து விட்டத்தில் கட்டித் தொங்கவிட்டுவிட்டார். மீதி ஏழு நாளும் அந்த வாசனைக்கு அடியில் உட்கார்ந்துதான் நான் வேலை செய்தேன். ஒன்பதாம் நாள் விடிந்ததும் உலக்கைக் கட்டை அவிழ்த்த கையோடு வந்து அதையும் அவிழ்த்துக்கொண்டு போனார்.

பொட்டலத்தின்மேல் அந்தோணி எழுதியிருந்த விலாசத்தைப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். பக்கத்தில் நின்ற பெண்களுக்கும் கேட்கும்படி இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அதற்குப் பிறகு வந்த எல்லாப் பொட்டலத்திலும் அதே விலாசம்தான் இருந்தது.

"உலக்கையைத் தொடாத பாப்பாயி அவர்கள், ஊசி வீட்டுக்குப் பக்கத்தில், கொல்லிமலை."